டெட் இரண்டாம் தாள் கைடு: மூன்று மாதம் படித்துப் பார்த்ததில்

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் 420 ரூபாய்க்கு வாங்கினேன். ஆசிரியர் தகுதித் தேர்வு இரண்டாம் தாள், சமூக அறிவியல் பிரிவுக்கானது. 150 மதிப்பெண்ணில் உளவியல் 30, சமூக அறிவியல் 60, மீதி தமிழும் ஆங்கிலமும். பதிப்பகத்தின் பெயரைச் சொல்லவில்லை. எந்தக் கைடு வாங்கினாலும் இதையெல்லாம் பார்த்து வாங்குங்கள் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

பிள்ளைகளின் சிந்தனை நான்கு நிலைகளாக வளர்கிறது என்ற உளவியலாளர் பியாஜே பற்றிய பகுதி அருமை. வழக்கமாக நான்கு நிலைகளையும் வயதையும் அட்டவணையில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இதில் ஒவ்வொரு நிலைக்கும் வீட்டில் செய்து பார்க்க ஒன்று கொடுத்திருக்கிறார்கள். என் மகளுக்கு ஐந்து வயது. ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் சமமாக மோர் ஊற்றி, "ரெண்டும் ஒண்ணுதானே?" என்றேன். ஆமாம் என்றாள். அவள் கண் முன்னாலேயே ஒரு டம்ளர் மோரை அகலக் கிண்ணத்தில் ஊற்றி, "இப்போ எதுல நிறைய இருக்கு?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, டம்ளரைக் காட்டினாள். பக்கத்தில் இருந்த அண்ணன் மகன், மூன்றாம் வகுப்பு, "அதே மோர்தானே அத்தை, பாத்திரம்தான் வேற" என்றான். செயலுக்கு முற்பட்ட நிலை (மகள்), பருப்பொருள் செயல்நிலை (அண்ணன் மகன்) என்று பி.எட்.டில் மனப்பாடம் செய்த இரண்டும் என் அடுப்படியில் ஒரு முழ இடைவெளியில் உட்கார்ந்திருந்தன.

இன்னொரு உளவியலாளரான வைகாட்ஸ்கி பற்றிய பகுதி அந்த அளவுக்கு இல்லை. பிள்ளை தானாகச் செய்வதற்கும், ஒருவர் கைகொடுத்தால் செய்வதற்கும் உள்ள இடைவெளியைப் பற்றிப் பேசியவர் அவர்தான். ஆனால் அப்படிக் கைகொடுப்பதைக் குறிக்கும் 'சாரம் கட்டுதல்' என்ற சொல்லையும் அவருடையது என்றே போட்டிருக்கிறார்கள். அது உட், புரூனர், ராஸ் மூவரும் 1976-ல் எழுதிய கட்டுரையில் வந்தது. வைகாட்ஸ்கி 1934-லேயே இறந்துவிட்டார். அதைவிட, சாரத்தை எப்போது பிரிப்பது என்று ஒரு வரிகூட இல்லை. என் அப்பா கொத்தனார். பூச்சு முடிந்து சாரத்தைப் பிரித்த பிறகுதான் வேலை முடிந்தது என்பார். ஆசிரியருக்கும் அதுதானே பாதி வேலை?

என்னால் பொறுக்க முடியாதது ஒன்று: எதிர்மறை வலுவூட்டலும் தண்டனையும் ஒன்று என்று அச்சடித்திருக்கிறார்கள். முழுத் தவறு. பிடிக்காத ஒன்றை நீக்கி ஒரு நடத்தையைக் கூட்டுவது எதிர்மறை வலுவூட்டல். வகுப்பிலேயே கணக்கை முடித்தவர்களுக்கு வீட்டுப்பாடம் கிடையாது என்று சொல்லி, அதனால் பிள்ளைகள் வகுப்பிலேயே முடிக்கப் பழகினால் அது இந்த வகை. முட்டி போட வைப்பது தண்டனை. இதைக் குழப்பிக்கொண்டு வகுப்புக்குப் போகிற ஆசிரியர், முட்டி போட வைப்பதற்கும் உளவியலில் இடம் இருக்கிறது என்று நம்பிவிடுவார். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையைத் தடுக்கிறது. அந்தச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது என்று இதே கைடின் குடிமையியல் பகுதியில் இருக்கிறது!

குடிமையியல் நன்றாகவே இருக்கிறது. அடிப்படை உரிமைகள் ஏழு ஏன் ஆறாயின, 1978-ன் 44-வது திருத்தத்துக்குப் பின் சொத்துரிமை எப்படி 300ஏ பிரிவுக்குப் போனது என்பதெல்லாம் தெளிவு. வரலாறும் புவியியலும் வெறும் ஒருவரிக் குறிப்புகள். அதற்குச் சமச்சீர் ஆறு முதல் பத்து வரையுள்ள பாடப்புத்தகங்களே போதும், இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன.

உளவியலின் முதல் பாதிக்காக மட்டும் வாங்கலாம். அந்த இரண்டு தவறுகளையும் பதிப்பகத்துக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். அடுத்த பதிப்பு வந்தால், கடையில் நின்றே வலுவூட்டல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.