லித்தியம் அயனா, எல்எஃப்பியா? சூரிய ஒளியில் ஓடும் கண்காணிப்புக் கருவிக்கு எந்த பேட்டரி

எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி, அதாவது பேட்டரியின் கொள்ளளவு) எண்ணை மட்டும் பார்த்தால் லித்தியம் அயன்தான் ஜெயிக்கும். ஒரு 18650 செல்லில் (18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளமுள்ள உருளை) 2500 முதல் 3500 எம்ஏஎச் வரை கிடைக்கும். அதே அளவு எல்எஃப்பி செல்லில் (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) சுமார் 1500தான். ஆனால் கருவியின் அன்றாடச் செலவைக் கணக்குப் போடாமல் இந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

இஎஸ்பி32 (வைஃபை உள்ள மைக்ரோகன்ட்ரோலர் சிப்) வைத்த காற்றுத்தர அளவியை எடுத்துக்கொள்வோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, 5 நொடி வைஃபையில் சராசரி 120 மில்லிஆம்பியர் இழுத்தால் நாளுக்கு 24 எம்ஏஎச். விசிறி உள்ள தூசி சென்சாருக்கு 5 வோல்ட்டில் 100 மில்லிஆம்பியர் வேண்டும், ஒவ்வொரு முறையும் 30 நொடி சூடேற வேண்டும். பேட்டரி வோல்டேஜை 5 வோல்ட்டாக உயர்த்தும் பூஸ்ட் கன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்ட நாளுக்கு ஏறத்தாழ 220 எம்ஏஎச். மணிக்கு ஒருமுறை என்றால் 37தான். உறக்கத்தில் சிப் மட்டும் 10 மைக்ரோஆம்பியர் எடுத்தால் நாளுக்கு கால் எம்ஏஎச்கூட ஆகாது. ஆனால் டெவலப்மென்ட் போர்டை (சிப்போடு துணைப் பாகங்களும் சேர்ந்த சோதனைப் பலகை) அப்படியே பெட்டிக்குள் வைத்தால் பவர் எல்இடி, யுஎஸ்பி சிப், ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் (வோல்டேஜை இறக்கி நிலையாகத் தரும் பாகம்) எல்லாம் சேர்ந்து 10 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். நாளுக்கு 240 எம்ஏஎச் வீண். வெயிலே இல்லாத ஐந்து நாளில் எல்எஃப்பி செல் இதிலேயே ஐந்தில் நான்கு பங்கு காலி. இந்தக் கசிவை அடைத்து, சென்சாரையும் மணிக்கு ஒருமுறை ஓட்டினால் ஐந்து நாளுக்கு 310 எம்ஏஎச் போதும். அப்போது எல்எஃப்பியின் சிறிய கொள்ளளவு ஒரு குறையே அல்ல.

அடுத்தது ரெகுலேட்டர். லித்தியம் அயன் 4.2 வோல்ட் வரை ஏறும், சிப்பின் எல்லையோ 3.6 வோல்ட்; அதனால் ரெகுலேட்டர் கட்டாயம். எம்சிபி1700 என்ற ரெகுலேட்டர் தனக்கென எடுப்பது 1.6 மைக்ரோஆம்பியர்தான், ஆனால் அதன் எல்லை 250 மில்லிஆம்பியர். வைஃபை தொடங்கும் கணத்தில் இழுப்பு அதைத் தாண்டினால் வோல்டேஜ் சரிந்து கருவி ரீசெட் ஆகும்; சிப்புக்கு அருகிலேயே 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைப்பது நல்லது. எல்எஃப்பி பெரும்பாலும் 3.2 வோல்ட் பக்கமே நிற்பதால் இஎஸ்பி32-க்கு நேரடியாகக் கொடுக்கலாம். ரெகுலேட்டரே இல்லாத அந்த எளிமை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அந்த எளிமைக்கு ஒரு நிபந்தனை உண்டு. எங்கும் கிடைக்கும் டிபி4056 சார்ஜர் 4.2 வோல்ட் வரை ஏற்றும். எல்எஃப்பியை அதில் மாட்டினால் செல் கெடும். நேரடியாக இணைத்த சிப் 3.6 வோல்ட் எல்லையைத் தாண்டிப் பழுதாகும். டிபி5000 போல 3.6 வோல்ட்டுக்கு மாற்றக்கூடிய சார்ஜர் வேண்டும். மாட்யூலில் எந்த வோல்டேஜ் தேர்வாகியிருக்கிறது என்று மல்டிமீட்டரில் பார்த்த பிறகே செல்லை இணையுங்கள். செல் 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்காதபடி தனியாக கட்-ஆஃப் சர்க்யூட்டும் வேண்டும்; வோல்டேஜ் குறைந்தால் சிப் தானே ரீசெட் ஆகும் பிரவுன்அவுட் வசதி அந்த வேலையைச் செய்யாது.

வெயிலில் மூடிய பெட்டிக்குள் முழு சார்ஜில் கிடக்கும் லித்தியம் அயன் வேகமாக மூப்படையும். எல்எஃப்பி அந்த வெப்பத்தை நன்றாகவே தாங்கும்; ஆயுளும் ஆயிரக்கணக்கான சுற்றுகள். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இரண்டையுமே சார்ஜ் செய்யக்கூடாது. குளிரில் எல்எஃப்பி கொடுக்கும் ஆற்றலும் கூடுதலாகக் குறையும். லெட் ஆசிட் பேட்டரி அந்தக் குளிரிலும் சார்ஜ் ஆகும் என்றாலும், எடையும் தானாக இறங்கும் சார்ஜும் சிறு கருவிக்கு ஒத்துவராது.

லித்தியம் அயனுக்கு ஓர் உண்மையான சாதகம் உண்டு: வோல்டேஜைப் பார்த்தே மீதிச் சார்ஜை ஓரளவு சொல்லலாம். எல்எஃப்பியின் வோல்டேஜ் கோடு தட்டையானது; சார்ஜ் இறங்கினாலும் வோல்டேஜ் பெரிதாக மாறாது. வோல்டேஜ் குறைந்து எச்சரிக்கை வரும்போது சார்ஜின் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். எனவே எல்எஃப்பி என்றால் 3.1 வோல்ட்டிலேயே அனுப்பும் இடைவெளியை ஒரு மணி நேரமாக்கி, தூசி சென்சாரை நிறுத்திவிட்டு, 3.3-க்கு மேல் ஏறிய பிறகே பழைய வேகத்துக்குத் திரும்பும்படி நிரலில் எழுதிவிடுங்கள்.