தருமபுரியில் காய்ச்சலுக்குப் பிசிஆர் பரிசோதனை: கொடுத்த பணத்துக்குத் தகுமா?

தருமபுரி பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் உள்ள ஒரு தனியார் ஆய்வகத்தில், எங்கள் குடும்பத்தில் இருவருக்கு இந்த மழைக்காலத்தில் காய்ச்சலுக்கான பிசிஆர் பரிசோதனை, அதாவது கிருமியின் மரபணுப் பொருளைப் பெருக்கிக் கண்டறியும் பரிசோதனை, செய்தோம். குறைகளையும் சொல்லப் போவதால் ஆய்வகத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். வாசலில் தொங்கும் 'ஒரு மணி நேரத்தில் முடிவு' என்ற பலகை இங்கு கிடைக்கும் இரண்டு சேவைகளில் ஒன்றுக்கு மட்டுமே பொருந்தும் என்பதை உள்ளே போகுமுன் தெரிந்துகொள்வது நல்லது.

அந்த ஒன்று, டெங்குவுக்கு மட்டுமான தனிப் பரிசோதனை. இதை ட்ரூநாட் கருவியில் செய்கிறார்கள். கோவாவைச் சேர்ந்த மோல்பயோ நிறுவனத்தின் தயாரிப்பான இக்கருவியைக் காசநோய்ப் பரிசோதனைக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் ஏற்றுக்கொண்டது; சளிப் பரிசோதனைக்காக அரசு சுகாதார நிலையங்களில் பலர் இதைப் பார்த்திருக்கக்கூடும். பேட்டரியில் இயங்குவதால் மின்வெட்டு வந்தாலும் வேலை நிற்பதில்லை. ரத்தத்திலிருந்து மரபணுப் பொருளைப் பிரித்தெடுக்க ஒரு பெட்டி, அதில் ஒரு துளியைச் சிப்பில் இட்டு ஆராய இன்னொரு பெட்டி, அவ்வளவுதான். நோய்க்கு ஒரு சிப் என்பதால் அடுத்தவரின் ரத்தம் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஓசூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகனுக்குக் காய்ச்சல் வந்த மூன்றாம் நாள், வேறோர் இடத்தில் எடுத்த, டெங்கு வைரஸின் ஒரு புரதத்தைத் தேடும் என்எஸ்1 அட்டைப் பரிசோதனையில் டெங்கு இல்லை என்று வந்திருந்தது. அவனுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முறை டெங்கு வந்து போயிருப்பதால், மருத்துவர் அந்த முடிவை அப்படியே ஏற்கவில்லை. இரண்டாம் முறை தொற்றும்போது என்எஸ்1 தவறவிடும் வாய்ப்பு கூடுதல் என்று சொல்லிப் பிசிஆருக்கு எழுதிக் கொடுத்தார். காலையில் ரத்தம் கொடுத்தோம்; மதியச் சாப்பாட்டுக்குள் டெங்கு உறுதி என்று ரிப்போர்ட் கைக்கு வந்தது. அன்றே ஆன்டிபயாடிக் நிறுத்தப்பட்டது, உடல்வலிக்கு அவனாகப் போட்டுக்கொண்டிருந்த ஐபுபுரூபன் மாத்திரைக்குத் தடை விழுந்தது, தட்டணுக்களோடு ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) அளவையும் நாள்தோறும் பார்க்க ஏற்பாடானது. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் சமயம்தான் ஆபத்தான கட்டம் என்பதால், அதற்கு முன்பே நோய் இன்னதென்று தெரிந்தது எங்களுக்குப் பெரிய உதவி. இந்தச் சேவைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

இரண்டாவது சேவையான 'ஃபீவர் பேனல்' பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. டெங்கு, சிக்குன்குனியா, மலேரியா, எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல், டைபாய்டு ஆகியவற்றை ஒரே ரத்தத்தில் பார்க்கும் இப்பரிசோதனை பெரிய பிசிஆர் இயந்திரத்தில், போதுமான மாதிரிகள் சேர்ந்த பிறகே ஓட்டப்படுகிறது. ஆகவே பலகையில் உள்ள ஒரு மணி நேரம் இங்கே அடுத்த நாள் காலையாகிவிடுகிறது. கட்டணமும் தனிப் பரிசோதனையைப் போலப் பல மடங்கு.

பென்னாகரம் பக்கத்தில் மாட்டுக்குப் புல் அறுக்கப் போகும் பெரியம்மாவுக்கு ஒரு வாரக் காய்ச்சலுக்குப் பிறகு இந்தப் பேனலை எடுத்தோம். பதிவுப் படிவத்தில் வயது, கைபேசி எண், பரிந்துரைத்த மருத்துவர் பெயர் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. காய்ச்சல் தொடங்கிய நாளுக்கு மட்டும் இல்லை. டெங்கு வைரஸ் ரத்தத்தில் பெரும்பாலும் முதல் ஐந்து நாட்கள்தான் பிடிபடும், அதன் பிறகு, கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐஜிஎம் பரிசோதனைதான் பயன் தரும் என்றிருக்கையில், நாளைக் கேட்காமல் ரத்தம் எடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ரிப்போர்ட்டில் ஆறு வரிகளிலும் 'கண்டறியப்படவில்லை' என்றே இருந்தது. நோயே இல்லை என்று அதற்குப் பொருள் கிடையாது என்பதை முகப்பில் ஒருவரும் சொல்லவில்லை. பெரியம்மா வெறும் காய்ச்சல்தான் என்று நிம்மதியாகக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் மருத்துவமனையில் பணியில் இருந்த பெண் மருத்துவர் உடல் முழுவதையும் பரிசோதித்தபோது, அக்குளின் உட்புறத்தில் பீடி நெருப்பு சுட்டது போன்ற, வலியில்லாத ஒரு கறுத்த பொருக்கைக் கண்டார். உண்ணிக் காய்ச்சலைப் பரப்பும் சிற்றுண்ணியின் இளம்புழு கடித்த இடம் அது. உடனே டாக்ஸிசைக்ளின் தொடங்கப்பட்டது. இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. எலிசா என்ற ஆய்வக முறையில் செய்த ஐஜிஎம் பரிசோதனையின் முடிவும் பிறகு அதையே உறுதி செய்தது. இந்நோய்க் கிருமி ரத்தத்தில் மிகக் குறைவாகவே இருக்கலாம் என்பதால், அந்தப் பொருக்கிலிருந்து மாதிரி எடுத்துச் செய்யும் பிசிஆர்தான் நம்பகமானது. இந்த ஆய்வகத்தில் கேட்டபோது, ரத்தத்தைத் தவிர வேறு மாதிரி எடுப்பதில்லை என்றார்கள். வயலிலும் மாந்தோப்பிலும் வேலை செய்வோர் நிறைந்த மாவட்டத்தில் உண்ணிக் காய்ச்சலுக்கும் சேர்த்துப் பணம் வாங்கும் ஆய்வகம் இப்படிச் சொல்வது பெரிய குறை. டைபாய்டு கிருமியும் ரத்தத்தில் குறைவாகவே இருக்குமாதலால், அதற்கு ரத்தக் கல்ச்சர் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது) இன்னும் தேவைப்படுகிறது; பேனலில் அந்த வரி எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

ரத்தம் எடுக்கும் ஊழியர் கைதேர்ந்தவர், ஊசியைப் பிரித்து ஒவ்வொரு முறையும் நம் கண் முன்னே காட்டுகிறார், இடமும் சுத்தமாக இருக்கிறது. ரிப்போர்ட் வாட்ஸ்அப்பிலேயே வந்துவிடுகிறது.

எனவே, காய்ச்சல் தொடங்கி ஐந்து நாட்களுக்குள், மருத்துவர் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்த தனிப் பரிசோதனைக்கு இந்த ஆய்வகத்துக்குத் தயங்காமல் போகலாம். நாள் கடந்துவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டெங்குவுக்கான ஐஜிஎம் எலிசா இலவசமாகவே கிடைக்கிறது. பேனல்தான் வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், அன்றைக்கு இயந்திரம் ஓடுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அதை ஓட்டுவதில்லை, சனிக்கிழமை மாலை கொடுக்கும் ரத்தம் திங்கள்வரை குளிர்பெட்டியில்தான் கிடக்கும்.