புல்லட் ஃபோர்க் சீல்: மாற்றிச் சில மழைக்காலம் ஓட்டிய அனுபவம்

பழைய புல்லட் வைத்திருப்பவர்களிடம் முன் ஃபோர்க்கில், அதாவது முன் வீலைத் தாங்கி ஏறி இறங்கும் இரட்டைக் குழாயில், எண்ணெய் கசிகிறது என்று சொன்னால், பாதிப் பேர் "புல்லட்னா ஒழுகத்தான் செய்யும்" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். மீதிப் பேர் "சீல் மாத்திடு, அரை நாள் வேலை" என்பார்கள். சீல் என்பது எண்ணெயை உள்ளே நிறுத்தும் ரப்பர் வளையம்; அதை மாற்றுவது அரை நாள் வேலை என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அந்த அரை நாளை மறுபடி செலவழிக்க வேண்டியிருந்தால், கோளாறு சீலில் இல்லை, அது உரசிக்கொண்டு ஓடும் பைப்பில் இருக்கிறது. என் வண்டி எனக்குக் காட்டியது இதைத்தான்.

வண்டி 1980-களில் வந்த 350 ஸ்டாண்டர்ட். முன்னால் டிரம் பிரேக், ஹெட்லைட்டையும் ஸ்பீடோமீட்டரையும் தாங்கும் அலுமினிய முகப்பு, அதற்குக் கீழே ஃபோர்க் பைப்பை மூடும் இரும்புக் கவர். நான் இருப்பது ராயபுரம். மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கிய பிறகு புல்லட் உருவான திருவொற்றியூர், இங்கிருந்து கூப்பிடு தூரம். பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே வண்டி இருக்கிறது என்று பெருமைப்படலாம். உப்புக்காற்றுக்கு அந்தப் பெருமையெல்லாம் தெரியாது.

முதலில் ஒரு பட்டறையில் விட்டுத்தான் சீல் மாற்றினேன். கொஞ்ச நாள் காய்ந்திருந்தது. ஐப்பசி மழை முடிந்ததும் வலது பக்கம் மறுபடி பிசுபிசுப்பு. திரும்பப் போனபோது இன்னொரு ஜோடி சீல், அதோடு "கொஞ்சம் ஸ்டிஃப்பா இருக்கட்டும்" என்று அளவுக்கு மேலே எண்ணெய். அது இன்னும் சீக்கிரம் ஒழுகியது. ஃபோர்க்குக்குள் எண்ணெய் கூடினால் மேலே காற்றுக்கான இடம் குறையும். பள்ளத்தில் இறங்கும்போது ஏறும் அழுத்தம் நேராக சீலின் உதட்டில்தான் போய் முட்டும். அதற்கு மேல் பட்டறைக்குப் போகாமல் நானே கழற்றுவது என்று முடிவு செய்தேன். ரெட்டிட்ச் காலத்து வடிவமைப்பு என்பதால் பழைய ஒர்க்‌ஷாப் கையேடே போதும், பெரிய மாற்றம் ஒன்றும் கிடையாது.

கழற்றுவதற்கு முன்னால், எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். இந்த ஃபோர்க்கில் கசியும் இடம் இரண்டு: ஒன்று மேலே சீல், இன்னொன்று அடியில் ஸ்டட்டை (மரை போட்ட தண்டு) பிடித்திருக்கும் நட்டுக்குக் கீழுள்ள ஃபைபர் வாஷர். இரண்டிலிருந்தும் எண்ணெய் கடைசியில் வீல் பக்கம்தான் சொட்டும். நான் செய்வது இதுதான். ஃபோர்க்கின் கீழ்க்குழாயை (மேல் பைப்பின் மேல் ஏறி இறங்கும் வெளிக்குழாய்) பெட்ரோல் தொட்டுத் துடைத்துவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரை முழுக்கத் தூவி, தெருவில் இரண்டு வேகத்தடைகள் ஏறி இறங்கி வருவேன். மேலிருந்து கோடு இழுத்தாற்போல் ஈரம் இறங்கியிருந்தால் சீல். குழாய் முழுக்கப் பவுடர் அப்படியே இருந்து அடிநுனி மட்டும் நனைந்திருந்தால் வாஷர். வாஷர் மாற்றுவது பத்து நிமிட வேலை, அதற்காக ஃபோர்க்கைப் பிரிக்க வேண்டாம்.

சீல்தான் என்றால் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன் வீலைத் தூக்க வேண்டும். பிரேக் கேபிளைக் கழற்றி, இரண்டு பக்கமும் அச்சைப் பிடித்திருக்கும் மூடிகளின் நட்டுகளை எடுத்தால் வீல் கையோடு வந்துவிடும். அந்த மூடிகள் எந்தப் பக்கத்தவை, எந்த முகம் முன்னால் என்று மார்க்கரில் குறித்துக்கொள்ளுங்கள். மட்கார்டும் அதன் கம்பிகளும் அடுத்து. பிறகு ஃபோர்க்கின் அடி நட்டைக் கழற்றி, ஸ்டட்டை ரப்பர் சுத்தியலால் மேல்நோக்கி மெதுவாகத் தட்டினால் எண்ணெய் கொட்டும். கீழே அகலமான தட்டு வையுங்கள். என் வண்டியில் இடது பக்கம் வந்தது கருப்பு எண்ணெய், வலது பக்கம் வந்தது மோர் மாதிரி வெளுத்த ஏதோ ஒன்று. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எண்ணெய் வெளியே வரும் வழியில் தண்ணீரும் உள்ளே போகும்.

அடுத்து வருவது சீல் உட்கார்ந்திருக்கும் வீடு. கீழ்க்குழாயின் தலையில் மரை போட்டு முறுக்கியிருப்பார்கள். அதில் ஸ்பானர் பிடிக்கத் தட்டையான இடம் உண்டு. ஆனால் பெரும்பாலான பழைய வண்டிகளில் அந்த இடம் பைப் ரிஞ்ச் பட்டுக் குதறிப்போயிருக்கும். கீழ்க்குழாயை முடிந்த அளவு கீழே இழுத்தால்தான் அது கவரை விட்டு வெளியே தலைகாட்டும். இறுகியிருந்தால் பலத்தைக் காட்ட வேண்டாம். முதல் நாள் ராத்திரியே மரை விளிம்பில் துரு நீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். காலையில் கொதிக்கிற தண்ணீரில் துணியை நனைத்துச் சுற்றி, அதன் மேல் சைக்கிள் டியூப் சுற்றி, ஸ்ட்ராப் ரிஞ்ச் போட்டால் 'டக்' என்று விடும். கீழ்க்குழாய் தனியாக இறங்கிவிடும், சீல் வீடும், பைப்பு ஆடாமல் வழுக்கிச் செல்ல உதவும் புஷ் என்ற வளையமும் மேல் பைப்பிலேயே தொங்கும். பைப்பின் அடியில் முறுக்கியிருக்கும் வால்வைச் 'சி' ஸ்பானரால் கழற்றினால்தான் அவை வெளியே வரும். இந்த வேலைக்கு மேல் பைப்பை முகப்பிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. இது புல்லட் ஃபோர்க்கின் நல்ல குணம்.

இப்போது கவருக்குக் கீழே பைப் வெறுமனே நிற்கும். பட்டறைகளில் யாரும் நின்று பார்க்காத இடம் இதுதான். புது சீலைத் தட்டி ஏற்றும் அவசரத்தில் துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நன்றாகத் துடைத்து, வெளிச்சத்தில் விரல் நகத்தை மேலிருந்து கீழாக மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கேயாவது தடுக்கினால் அது துருக்குழி. நகத்துக்குத் தெரியாததைப் பஞ்சு காட்டிக்கொடுக்கும்: ஒரு துண்டுப் பஞ்சை பைப்பைச் சுற்றிப் பிடித்து இழுத்தால் குழியின் விளிம்பில் நூல் சிக்கி நிற்கும். என் வலது பைப்பில் சீல் மேலும் கீழும் போய்வரும் பகுதியிலேயே கடுகளவுக் குழிகள் வரிசையாக இருந்தன. அந்த இரும்புக் கவர் மழையைத் தடுக்கிறது, சரி. அதே கவர் உள்ளே போன ஈரத்தைக் காயவும் விடுவதில்லை. வண்டி நின்றிருக்கும்போது சீலுக்குச் சற்று மேலேதான் அந்த ஈரம் தங்கும், குழியும் அங்கேதான் விழும். ஒவ்வொரு பள்ளத்திலும் சீலின் உதடு அந்தக் குழிகளின் மேல் ஏறி இறங்குகிறது. எந்தக் கம்பெனி சீல் போட்டாலும் எத்தனை நாள் தாங்கும்?

குழி சீலின் எல்லைக்கு மேலே, கவருக்குள் உயரத்தில் இருந்தால் கவலைப்பட வேண்டாம். எல்லைக்குள் ஒன்றிரண்டு மட்டும் என்றால், சுத்தம் செய்து அரால்டைட் பசை அடைத்து, காய்ந்ததும் 1000 நம்பர் வாட்டர் பேப்பரில் தேய்த்துச் சமப்படுத்தலாம். நானும் முதலில் அப்படித்தான் செய்து பார்த்தேன். கசிவு குறைந்ததே தவிர நிற்கவில்லை. பிறகு இரண்டு பைப்பையும் எடுத்து ஹார்டு குரோம், அதாவது தேயாத கெட்டி குரோம் முலாம், போட்டேன். பைப்பின் மேல் நுனி அந்த அலுமினிய முகப்பில் மரை போட்டு ஏறியிருக்கும், நடுவில் ஒரு கிளாம்ப் பிடித்திருக்கும். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தாமல் முறுக்கினால் அலுமினிய மரை போய்விடும். முகப்பு போனால் செலவு வேறு கணக்கு.

அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஹைட்ராலிக் ராடுகளுக்கு ஹார்டு குரோம் போடும் இடங்களில் இந்த வேலையைச் செய்துகொடுப்பார்கள். பழைய குரோமை எடுத்து, கிரைண்ட் செய்து, முலாம் ஏற்றி, மறுபடி பழைய அளவுக்கே கிரைண்ட் செய்ய வேண்டும். கடைசி கிரைண்டிங்தான் முக்கியம். பளபளப்பைப் பார்த்து ஏமாறாமல் மைக்ரோமீட்டரில் இரண்டு மூன்று இடத்தில் அளந்து வாங்குங்கள். கொடுப்பதற்கு முன் பைப்பைத் தட்டையான கண்ணாடி மேல் உருட்டி, வளைவு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வளைந்த பைப்புக்குக் குரோம் போடுவது காசுக்குக் கேடு. சந்தையில் புது பைப்பும் கிடைக்கிறது. நான் கையில் எடுத்துப் பார்த்த சிலவற்றில் மரை கரடுமுரடாக இருந்ததால் பழைய பைப்பையே நம்பினேன்.

சீல் விஷயத்துக்கு வருவோம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் பல விலையில் கிடைக்கும், வித்தியாசம் கையில் எடுத்தால் தெரியும். உதட்டை விரலால் மடக்கினால் மெத்தென்று மடங்கித் திரும்ப வேண்டும். மேல் பக்கம் தூசிக்கு இன்னொரு உதடு இருப்பது நல்லது. கீழ்ப் பக்கம் உதட்டைச் சுற்றி மெல்லிய சுருள் ஸ்பிரிங் இருக்கும். சீலின் மேல் அளவு அச்சடித்திருக்க வேண்டும், அதை வெர்னியரில் பழைய சீலோடு ஒப்பிடுங்கள். அளவே போடாமல் உதிரியாக விற்பதைத் தொட வேண்டாம். மலிவு சீலும் நல்ல சீலும் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். குழி விழுந்த பைப்பில் இரண்டுக்கும் ஆயுள் கிட்டத்தட்ட ஒன்றுதான். குரோம் போட்ட பைப்பில்தான் நல்ல சீலுக்குக் கொடுத்த காசு தெரிகிறது.

பூட்டும்போது ஸ்பிரிங் இருக்கும் முகம் எண்ணெய்ப் பக்கம், அதாவது கீழே பார்க்க வேண்டும். சீலை வீட்டுக்குள் இறக்க, வெளிவட்டத்தில் மட்டும் படும் அளவில் ஒரு துண்டு பிவிசி பைப் வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். ஸ்குரூ டிரைவர் வேண்டவே வேண்டாம். பைப்பின் அடிமுனை கூர்மையாக இருக்கும் என்பதால், மெல்லிய பிளாஸ்டிக் பையை எண்ணெய் தடவி அதன் மேல் சுற்றிவிட்டு சீலை ஏற்றினால் உதடு கிழியாது. புஷ்ஷையும் பாருங்கள். கீழ்க்குழாயைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் 'கடக்' என்று ஆட்டம் தெரிந்தால், எந்த சீலாலும் அந்த ஆட்டத்தைத் துரத்திப் பிடிக்க முடியாது. எனக்கு லேத்தில் வெண்கலப் புஷ் கடைந்து போட வேண்டியிருந்தது.

எண்ணெய் ஒரு பக்கத்துக்கு 200 மில்லி, மேல் மூடி வழியாக. ஊற்றிவிட்டு ஃபோர்க்கை அமுக்கி அமுக்கிக் காற்றை எடுக்க வேண்டும். 20டபிள்யூ-40 இன்ஜின் ஆயில் ஊற்றியும் ஓட்டியிருக்கிறேன், ஓடும். ஆனால் காலையில் விறைப்பாகவும் மதிய வெயிலில் தொளதொளவென்றும் இருந்தது. எஸ்ஏஈ 20 ஃபோர்க் ஆயிலுக்கு மாறிய பிறகு அந்த வித்தியாசம் குறைந்தது. வீல் மாட்டும்போது ஒரு பக்க மூடியை மட்டும் இறுக்கி, வண்டியை இறக்கி, ஹேண்டிலைப் பிடித்து நாலு தடவை அமுக்கிவிட்டு மறுபக்கத்தை இறுக்குங்கள். இல்லாவிட்டால் இரண்டு கீழ்க்குழாய்களும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கும், சீல் ஒரு பக்கமாகத் தேயும்.

இப்போதைய நிலவரம்: குரோம் போட்ட பிறகு சில மழைக்காலம் கடந்துவிட்டது. இடது பக்கம் சுத்தமாகக் காய்ந்திருக்கிறது. வலது பக்கம் நீண்ட பயணம் போய்வந்தால் சீல் வீட்டின் விளிம்பில் மெல்லிய ஈரப்படலம் தெரியும், கோடாக இறங்குவதில்லை. ஒருமுறை எண்ணெயை வடித்துப் பார்த்தேன், நிறம் மங்கியிருந்ததே தவிர தண்ணீர் கலக்கவில்லை. முன் பிரேக் பழையபடி பிடிக்கிறது. கசிந்த எண்ணெயைக் குடித்த பிரேக் லைனிங்கை அப்போதே மாற்றிவிட்டேன், அதைத் துடைத்துப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இரும்புக் கவரை எடுத்துவிட்டு ரப்பர் கெய்ட்டர் (மடிப்பு மடிப்பான ரப்பர் உறை) போடலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊரில் தூசியும் சேறும் அதிகம் என்றால் போடலாம். கடற்கரை ஊரில் அதற்குள்ளும் ஈரம் தங்கும், அதைக் கழற்றிப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. நான் கவரை அப்படியே விட்டுவிட்டு, மழை விட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முன் வீலைத் தூக்கிக் கீழ்க்குழாய் இறங்கி நிற்கும்போது, கவரின் இடுக்கு வழியாக எண்ணெய்த் துணியைச் செருகி பைப்பைத் துடைத்துவிடுகிறேன்.