முக ஃபில்லர்: இரண்டு வருடத்துக்குப் பிறகு, முக்கியமாக இடது கண்ணைப் பற்றி

கனடாவில் இருக்கிற பள்ளித் தோழி போன கிழமை வட்ஸ்அப்பில் கேட்டாள்: "மகளுக்கு ஓகஸ்ட்டில கலியாணம். நீ முகத்துக்குப் போட்ட ஊசி எப்பிடியடி? நானும் போடட்டோ?" பதில் எழுதத் தொடங்கி மூன்று தரம் அழித்துவிட்டேன். ஒரு வரிக்குள் அடங்குகிற விஷயமில்லை இது. முழுதாக எழுதி அவளுக்கும் இதையே அனுப்பலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2024 பெப்ரவரியில், 51 வயதில் போட்டேன். மூக்கோரத்தில் தொடங்கி வாயோரம் இறங்குகிற இரண்டு மடிப்புக்கும் ஹையலூரோனிக் அமில ஃபில்லர், அதாவது தோலுக்குள் ஊசியால் ஏற்றுகிற ஜெல், ஒரு மில்லிலீற்றர் ஊசிக்குழாய் இரண்டு. பொட்டொக்ஸ் தசையை அசையாமல் வைப்பது, இது பள்ளத்தை நிரப்புவது, அந்த வித்தியாசமெல்லாம் தெரிந்தவர்கள்தான் இதை வாசிப்பீர்கள். விலையையும் விடுங்கள். 2022இல் டொலர் 200 சொச்ச ரூபாயிலிருந்து 360 வரை பாய்ந்ததோடு ஏறியதுதானாம், பிறகு இறங்கவேயில்லை என்று கிளினிக்கில் சொன்னார்கள். என் சம்பளத்தில் பெரிய துண்டு போனது, அவ்வளவுதான்.

மடிப்பு விஷயத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். நான் கொழும்பில் வெள்ளவத்தையில் ரயில் ஏறிக் கோட்டைக்கு வேலைக்குப் போகிறவள். முன்பெல்லாம் கொள்ளுப்பிட்டி வருமுன்னரே வியர்வையில் பவுடர் கரைந்து அந்த இரண்டு கோட்டுக்குள்ளும் போய் உட்கார்ந்துவிடும். கோட்டையில் இறங்கும்போது வாய்க்கு இரண்டு பக்கமும் சோக்கால் அடைப்புக்குறி போட்டதுபோல இருக்கும். கைக்குட்டை நுனியை எச்சிலில் நனைத்துத் துடைத்துக்கொண்டுதான் கந்தோர் வாசலில் நுழைவேன். ஊசி போட்டு இரண்டாவது கிழமை, நீலம் கண்டியதெல்லாம் மறைந்தபின் ஒரு நாள் கோட்டையில் இறங்கிக் கைக்கண்ணாடியைப் பார்த்தேன், பவுடர் பூசின இடத்திலேயே இருந்தது. இதற்காகவா இவ்வளவு காசு என்று கேட்டால், ஆம், இதற்காகத்தான். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. மாமி மட்டும் "உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறாய்" என்றா. இந்த வகை ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் நிற்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு மடிப்பில் நல்ல ஒரு வருடமும் அதற்கு மேலே இரண்டு மூன்று மாதமும் நின்றது. இன்ன நாளில் போனது என்று சொல்லவும் முடியாது, சவர்க்காரம் தேய்வதுபோலத்தான் போகும்.

அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவவின் முதல் கேள்வி வலித்ததா என்பதல்ல, "அது சைவமோ?" என்பது. நியாயமான கேள்வியும்கூட. முந்திய காலத்தில் இந்த அமிலத்தைச் சேவல் கொண்டையிலிருந்து எடுத்தும் செய்திருக்கிறார்கள், அதற்கும் முன்னால் 1980களில் வந்தது மாட்டுக் கொலாஜன். 2003இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்டிஏ ரெஸ்டிலேன் என்ற ஃபில்லரை அனுமதித்ததிலிருந்து பக்டீரியாவை வளர்த்து எடுப்பதுதான் வழக்கமாகிவிட்டது. அம்மா கேட்டுவிட்டு, "நல்லது, முருகன்ரை கொடியிலை இருக்கிறதைப் பிடுங்கி மூஞ்சையிலை பூசேல்லைத்தானே" என்று தேத்தண்ணியைக் குடிக்கத் தொடங்கிவிட்டா.

சரி, இப்போது கண்ணுக்கு வருகிறேன்.

இரண்டு மடிப்பும் முடிந்தபின் ஊசிக்குழாயில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது, அரை மில்லிலீற்றருக்கும் குறைவு. டொக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "கண்ணுக்குக் கீழே கொஞ்சம் குழி இருக்கு, மிச்சத்தை அதுக்குப் போட்டுவிடட்டா? மேலதிகமா காசில்லை" என்றார். ஷாம்பு போத்தலுக்குள் தண்ணி விட்டுக் குலுக்கி இன்னும் இரண்டு தரம் முழுகுகிற வீட்டில் வளர்ந்தவள் நான். யோசிக்கவேயில்லை, "ஓம் டொக்டர்" என்றுவிட்டேன்.

பிரச்சினை மூன்றாவது மாதத்தில் தொடங்கியது. காலையில் எழும்பினால் இடது கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன வீக்கம், விரலால் தொட்டால் ஜெலிபோல நகரும். பத்துப் பதினொரு மணிக்குப் பாதி வற்றும். முதல் நாள் இரவு நெத்தலிக் கருவாடு சாப்பிட்டிருந்தால் மத்தியானம் வரை வற்றாது. வலது கண்ணில் ஒன்றுமில்லை, இடது மட்டும், அதுதான் ஆளைப் பார்க்க ஒரு பக்கத்தால் அழுததுபோல. ரயிலில் என்னோடு வருகிற மனுசி ஒருத்தி ஒரு நாள் மெதுவாகக் கையைப் பிடித்து, "வீட்டிலை ஏதும் பிரச்சினையோ தங்கச்சி?" என்றா. கந்தோரில் மேலதிகாரி கூப்பிட்டு லீவு வேணுமா என்று கேட்டார். மச்சாள் நேரே என் கணவரிடமே கேட்டுவிட்டா, "நீர் அவவை ஏதும் பேசினீரோ?" என்று. பாவம் மனுசன். இரண்டு தலையணை வைத்துப் படுத்தேன், உப்பைக் குறைத்தேன், பிரிஜ்ஜில் கரண்டி வைத்து ஒற்றினேன். அந்த வருட ஆடிவேல் திருவிழாவில் மருமகள் பளிச்சென்று ஃபிளாஷ் அடித்து எடுத்த படத்தில் அந்த இடம் வெளிறிய நீலமாகத் தெரிகிறது. அந்தப் படத்தில் எல்லாரும் தேரைப் பார்க்கிறார்கள், நான் மட்டும் யாரிடமோ குத்து வாங்கியவள்போல நிற்கிறேன்.

ஏன் என்று பிறகுதான் விளங்கியது. இந்த அமிலத்தின் குணமே தண்ணியை இழுத்து வைத்திருப்பது. மடிப்புக்குப் போடுகிற ஜெல் தடிப்பானது, கன்னத்தின் தோல் தடிப்பு என்றபடியால் அங்கே ஒளிந்துகொள்ளும். கண்ணுக்குக் கீழ்த் தோல் வெங்காயத் தோல்மாதிரி. அங்கே போடுவதாக இருந்தால் மெல்லிய, தண்ணி குறைவாக இழுக்கிற ஜெல்லைத் தேர்ந்து, மிகக் கொஞ்சமாக, ஆழத்தில் வைக்க வேண்டும். மேலாக நின்றால் வெளிச்சம் சிதறி நீலமாகத் தெரியும். அதற்கு 19ஆம் நூற்றாண்டு அயர்லாந்து விஞ்ஞானி டிண்டலின் பெயரை வைத்திருக்கிறார்கள். என் கண்ணுக்கு ஒரு விஞ்ஞானியின் பெயர் கிடைத்ததில் பெருமைப்படவா?

போட்ட கிளினிக்குக்கு அழைத்தால், "நல்லாத் தண்ணி குடியுங்கோ, மெதுவா மசாஜ் பண்ணுங்கோ" என்றார்கள். அடுத்த அழைப்புக்கும் அதே. நியாயமாகச் சொன்னால் அந்த டொக்டரின் கை மென்மை, மருந்துக்குள்ளேயே விறைப்பு மருந்து கலந்திருந்ததால் நோவும் பெரிதில்லை, மீன் எண்ணெய்க் குளிசையை ஒரு கிழமைக்கு முதலே நிறுத்தச் சொன்னவரும் அவர்தான். கேட்டபோது ஓம் சொன்னது நான். எல்லாம் சரி. ஆனாலும் மிச்சத்தைக் கொட்டுகிற இடமா என் கண்?

இந்த ஜனவரியில் வேறொரு தோல் நிபுணரிடம் போய் அந்த ஜெல்லைக் கரைத்தேன். அவர் முதலில் கேட்டது, "என்ன மருந்து போட்டது? பெட்டியில் இருக்கிற ஸ்டிக்கரைத் தந்தவையோ?" தொகுதி இலக்கம் எழுதின அந்த ஸ்டிக்கரில் ஒன்று நோயாளிக்குத் தருவதற்காகவே இருக்கிறதாம். என்னிடம் இருந்தது பில் மட்டும். இரண்டாவது கேள்வி, தேனீயோ குளவியோ குத்தி எப்போதாவது உடம்பு தடித்ததா என்பது. கரைக்கிற ஹையலூரோனிடேஸ் அந்த விஷத்திலும் இருக்கிற வகை நொதி என்பதால் ஒவ்வாமை பார்க்க வேண்டும். முன்கையில் ஒரு துளி ஏற்றி அரை மணித்தியாலம் இருத்தினார், பிறகு கண்ணுக்குக் கீழே. ஃபில்லரைவிட இதுதான் எரிந்தது. இரண்டாம் நாள் காலை கண்ணாடியில் பழைய குழி திரும்ப வந்திருந்தது, அம்மாவுக்கு இருக்கிற அதே குழி. அதைக் கண்டு இவ்வளவு சந்தோசப்படுவேன் என்று யாராவது முதலே சொல்லியிருந்தால் காசு மிஞ்சியிருக்கும்.

அந்த நிபுணரிடம் நான் கேட்ட ஒரு கேள்விக்கு அவர் எழும்பிப் போய்ப் பிரிஜ்ஜைத் திறந்து காட்டினார்: கரைக்கிற மருந்து கையிருப்பில் இருக்கிறதா? வீக்கமும் நீலமும் எரிச்சல்தான், ஆபத்து அதுவல்ல. ஜெல் இரத்தக் குழாய்க்குள் போய் அடைத்தால் தோல் செத்துப்போகும், கண்ணுக்குப் போகிற குழாயில் அடைத்தால் பார்வை போகும். அரிது, ஆனால் போன பார்வை திரும்புவது அதைவிட அரிது. மூக்கும் புருவ நடுவும் கூடுதல் ஆபத்தான இடங்கள், மூக்கோர மடிப்பும் முற்றாகத் தப்பியதில்லை. ஊசி போட்ட இடம் திடீரென்று வெளுத்தால், வலைபோலக் கருநீலம் படர்ந்தால், தாங்கமுடியாமல் நொந்தால், கண் மங்கினால், காலையில் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது, அப்போது உடனே தேவைப்படுவது அந்தக் கரைக்கிற மருந்துதான். இதெல்லாம் தெரியாமல் நான் முதல் தரம் ஏறிப் படுத்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. ஊசியில்லாமல் அமுக்கி ஏற்றுகிற பேனா என்று பார்லர்களில் சொல்வதை நம்பாதீர்கள், எஃப்டிஏ 2021இலேயே அதற்கு எச்சரிக்கை விட்டுவிட்டது. கரையாத நிரந்தர வகைகளும் இருக்கின்றன. அது என் கண்ணுக்குக் கீழே போயிருந்தால் இந்தக் கதைக்கு முடிவே இருந்திருக்காது.

ஆகவே அவளுக்குப் பதில்: வேண்டாமடி. அந்தக் காசுக்கு மகளுக்கு இன்னொரு சேலை எடு. இதை எழுதும்போதே மடிப்பு இரண்டும் திரும்ப விழுந்து, நேற்றும் கைக்குட்டையோடுதான் கோட்டையில் இறங்கினேன், இரண்டாவது இடத்தில் மடிப்புக்கு மட்டும் என்ன விலை என்று கேட்டும் வைத்திருக்கிறேன். அதை ஒரு சிபாரிசாக எடுக்காதே.

போயே தீருவேன் என்றால் கலியாணத்துக்கு ஒரு மாதமாவது முந்திப் போ, ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கு, பிரிஜ்ஜைத் திறந்து காட்டச் சொல். ஊசிக்குழாயில் ஏதும் மிஞ்சினால், உன் கண் முன்னாலேயே குப்பைக்குள் போடச் சொல்.