நடுவயதில் ஃப்ரீலான்ஸிலிருந்து நிறுவன வேலைக்கு: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

நெடுங்காலம் ஃப்ரீலான்ஸ் வடிவமைப்பாளராக இருந்த நான், நாற்பதுகளின் நடுவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் முழுநேர வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த புதிதில் எழுதியிருந்தால் இது வெறும் புகாராகவோ வெறும் புகழ்ச்சியாகவோ முடிந்திருக்கும். அப்ரைசல்கள் (பணி மதிப்பீடுகள்) சில கடந்து, முதல் மேனேஜர் விலகி இன்னொருவர் வந்த பிறகு எழுதுவதால், எது நிலைத்தது, எது தொடக்கக் கால உற்சாகம் என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. இந்த மாற்றத்தைச் சுதந்திரமா, பாதுகாப்பா என்ற கேள்வியாகவே பலரும் பேசுகிறார்கள். எனக்கு மாறியதோ, வடிவமைப்புக்கு வெளியே போகும் நேரம் எங்கே போகிறது என்பதுதான்: முன்பு வேலையையும் பணத்தையும் தேடுவதில் போயிற்று, இப்போது பிறரின் ஒப்புதலைப் பெறுவதில் போகிறது.

முதலில் பணம். ஆஃபர் லெட்டரில் உள்ள தொகையைத் தங்கள் மணிநேரக் கட்டணத்தோடு நேரடியாக ஒப்பிட்டுப் பார்த்து, இது மிகக் குறைவு என்று ஒதுக்கிவிடும் ஃப்ரீலான்ஸர்களை நான் அறிவேன். வாரத்துக்கு 40 மணி நேரம் என்று வைத்தால் ஆண்டுக்கு 2,080 மணி நேரம். ஊதியத்துடன் கூடிய விடுப்பு நாள்களையும் சேர்த்து அத்தனைக்கும் சம்பளக்காரருக்கு ஊதியம் உண்டு. ஃப்ரீலான்ஸர் அதில் 60 விழுக்காட்டுக்கு பில் போட முடிந்தால் 1,248 மணி நேரத்துக்கு மட்டுமே காசு பார்க்கிறார். மடிக்கணினி, மென்பொருள் சந்தா, காப்பீடு, ஓய்வுக்காலச் சேமிப்பு, காய்ச்சலில் படுத்த நாள் எல்லாவற்றையும் அந்தக் கட்டணமே தாங்க வேண்டும். போதாததற்கு, 30 நாளில் செலுத்துக என்று இன்வாய்ஸில் எழுதியிருந்தாலும், கிளையன்ட்டின் கணக்குப் பிரிவு மாதத்துக்கு ஒருமுறைதான் பணம் விடுவிக்கும் என்றால் அது எளிதாக 60 நாளாகிவிடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபின் எனக்கு வந்த சம்பளம் குறைவாகத் தெரியவில்லை.

நடுவயதில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஆண்டுக்கு 6 விழுக்காடு கூட்டு வட்டியில் 20 ஆண்டுகள் கிடக்கும் தொகை ஏறத்தாழ 3.2 மடங்காகும், 10 ஆண்டுகள் மட்டுமே கிடந்தால் 1.8 மடங்கைத் தாண்டாது. ஓய்வுக்கால நிதியில் நிறுவனமும் தன் பங்கைச் செலுத்தும் வேலை கிடைத்தால், அதை நாற்பதுகளிலேயே தொடங்குவதற்கும் ஐம்பதுகளுக்குத் தள்ளுவதற்கும் உள்ள இடைவெளி அவ்வளவு. மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைத் திறந்தால் மொத்தம், வரிப் பிடித்தம், நிதிப் பங்கு, கைக்கு வருவது என்று நான்கைந்து வரிகளில் எல்லாம் முடிந்திருக்கிறது. யாருக்கும் நினைவூட்டல் மின்னஞ்சல் எழுத வேண்டியதில்லை என்பது எத்தகைய ஓய்வு என்பதை, ஆண்டுக்கணக்கில் அதை எழுதியவர்களே அறிவார்கள்.

இனி வேலை. தவறுதலாக அழித்த கோப்பை மீட்கும் ஒரு திரையை வடிவமைத்தேன். ஃப்ரீலான்ஸில் இது ஒரு தொலைபேசி அழைப்பில், ஒரு மாலைக்குள் முடிவாகும். இங்கே அணுகல்தன்மையை, அதாவது பார்வைக் குறை போன்ற தடைகள் உள்ளவர்களும் பயன்படுத்த முடிகிறதா என்பதைப் பார்க்கும் சக ஊழியர், மீட்பு பட்டனின் சாம்பல் நிற எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிமாறுபாடு 4.5:1 என்ற வரம்பைத் தொடவில்லை என்று திருப்பி அனுப்பினார். 2008இல் வெளியான இணைய அணுகல்தன்மை நெறிமுறைகளின் இரண்டாம் பதிப்பு, சாதாரண அளவு எழுத்துக்கு ஏஏ நிலையில் விதிக்கும் வரம்பு அது. வாடிக்கையாளர் உதவிப் பிரிவிலிருந்து வந்தவர், கோப்பைத் தொலைத்துவிட்டு அழைப்பவர்கள் பதற்றத்தில் திரையின் மேற்பகுதியை மட்டுமே பார்க்கிறார்கள் என்றார். பட்டன் மேலே போனது. மொழிபெயர்ப்புக் குழு, வேறு சில மொழிகளில் இந்தச் சொற்றொடர் இருமடங்கு நீளும் என்று காட்டியதால் அகலமும் மாறியது. வாரக்கணக்கில் இழுத்த வேலைதான்; ஆனாலும் கடைசியில் வந்த திரை, தனியாக உட்கார்ந்து நான் செய்யக்கூடியதைவிடத் தெளிவாக இருந்தது என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

எப்போதும் அப்படி முடிவதில்லை. எல்லோரையும் திருப்திப்படுத்தப் போய், ஒரு பக்கத்தின் கூர்மையே மழுங்கிப்போனதையும் பார்த்திருக்கிறேன். எந்தக் கருத்து பயனரிடமிருந்து வருகிறது, எது ஒரு துறையின் எல்லையைக் காப்பதற்காக மட்டும் வருகிறது என்று பிரித்தறிவது தனியொரு தொழில்திறன். அதை நடுவயதில் கற்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இதில் எனக்குப் பெரிதும் உதவியவர் என்னைவிட வயதில் மிகவும் இளையவரான முதல் மேனேஜர். "முடித்துவிட்டுக் காட்ட வேண்டாம், பாதியிலேயே காட்டுங்கள். முடிந்ததைக் காட்டினால் அவர்களால் ஆமாம் அல்லது வேண்டாம் என்றுதான் சொல்ல முடியும்" என்றார். முடிக்காததைக் கிளையன்ட் கண்ணில் காட்டாமல் இருப்பதே ஃப்ரீலான்ஸரின் கௌரவம். அந்தக் கௌரவத்தை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளச் சில காலம் பிடித்தது. வயது குறைந்தவரிடம் வேலை பார்க்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், அவர் நேரத்தை மதிப்பவராக இருந்தால் வயது ஒரு வாரத்தில் மறந்துபோகும் என்பதுதான்.

அப்ரைசலைப் பற்றி நேர்காணலிலேயே கேட்டுவிட வேண்டும். 1970களில் இன்டெல் நிறுவனத்தில் அதன் உயர் நிர்வாகி ஆண்டி குரோவ் வளர்த்தெடுத்து, 1999இல் கூகுள் ஏற்ற பிறகு பரவிய ஓகேஆர் (குறிக்கோளும் அதை அளக்கும் முக்கிய விளைவுகளும்) முறையை இன்று பல நிறுவனங்கள் ஏதோ ஒரு வடிவில் வைத்திருக்கின்றன. இலக்கை எழுத்தில் வைக்கும் இம்முறை, ஒப்பந்தம் எழுதிப் பழகிய நமக்கு அந்நியமாக இருக்காது. கேட்டறிய வேண்டியது, ஊழியர்களைக் கட்டாயமாக வரிசைப்படுத்தி ஒரு பங்கினரைக் கீழே தள்ளும் வழக்கம் உண்டா என்பது. மைக்ரோசாஃப்ட்டே 2013இல் அதைக் கைவிட்டுவிட்டது.

வேலை ஒப்பந்தத்தில் இரண்டு பிரிவுகளை மட்டும் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். உருவாக்கும் அனைத்தும் நிறுவனத்துக்கே உரியது என்ற பிரிவு அலுவலக வேலையைத் தாண்டியும் நீளலாம்; எனவே சேருமுன் ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் படைப்புகளைப் பட்டியலிட்டு இணைப்பாகச் சேர்க்கச் சொல்ல வேண்டும். வெளிவேலைக்குத் தடை விதிக்கும் பிரிவில், தொடர்ந்து செய்ய விரும்பும் சிறு பணி ஏதும் இருந்தால் அதற்கு எழுத்தில் அனுமதி பெற வேண்டும்.

எனக்கு இன்னும் உறுத்துவது ஒன்றுதான். ஐந்து கிளையன்ட்டுகள் சமமாகப் பணம் தரும்போது ஒருவர் விலகினால் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகும். இங்கே இருப்பது ஒரே கிளையன்ட், ஆட்குறைப்பு வந்தால் ஒரே மின்னஞ்சலில் முழுவதும் நின்றுவிடும். ஆகவே அவசர நிதியை ஃப்ரீலான்ஸ் காலத்து அளவிலிருந்து நான் குறைக்கவில்லை. பழைய கிளையன்ட்டுகளில் நான் மதிக்கும் சிலருடன் இப்போதும் பேசுகிறேன், கட்டணமில்லாமல், நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட்டு.