காலை ஆறரைக்கு ஒரு கடற்கரை நடை

திருவல்லிக்கேணியில் முப்பது வருஷமாக இருக்கிறேன். என் ஊரைப் பார்க்க நானே 400 ரூபாய் கட்டியதை வீட்டில் கிண்டல் செய்தார்கள். சேப்பாக்கம் அரண்மனையிலிருந்து ஐஸ் ஹவுஸ் வரை, ஞாயிறு காலை வழிகாட்டியோடு இரண்டரை மணி நேர நடை.

1768-இல் ஆற்காடு நவாப் கட்டிய அரண்மனையைச் சாலையோரம் நின்றே காட்டினார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸையும் வெளியிலிருந்துதான். ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் சிஷோம் வடிவமைத்தது, 1879-இல் முடிந்தது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். அதுவரைக்கும் கொடுத்த காசு வீண் என்றுதான் நினைத்தேன்.

ஐஸ் ஹவுஸ் வந்ததும் அந்த வழிகாட்டிப் பையன் வேறு ஆளாகவே மாறிவிட்டான். பையிலிருந்து ஒரு பிடி மரத்தூளை எடுத்து எங்கள் உள்ளங்கையில் போட்டான். அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை இப்படி மரத்தூளில் புதைத்து, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்து இந்தக் கட்டடத்தில் சேமித்தார்களாம். இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. அப்புறம் வக்கீல் பிலிகிரி ஐயங்கார் கட்டடத்தை வாங்கினார்; 1897-இல் விவேகானந்தர் தங்கினார். பேருந்தில் ஆயிரம் தடவை டிக்கெட் கேட்ட பெயர், அந்த மரத்தூளோடுதான் எனக்கு விளங்கியது.

குறை: ஒலிபெருக்கி கரகரத்தது, தண்ணீர் தரவில்லை. இருபத்தைந்து பேர் ரொம்ப அதிகம். முன்வரிசையில் நின்றுகொள்ளுங்கள், தொப்பி கட்டாயம். ஐந்துக்கு மூன்றரை.