கேனான் ஆர்7: ஆட்டக்களத்தில் எப்படி?

2022-இல் வெளிவந்த கேனான் ஈஓஎஸ் ஆர்7 கேமராவின் 32.5 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சார் ஃபுல் ஃப்ரேம் சென்சாரைவிடச் சிறியது; இது 70-200 மி.மீ. லென்ஸுக்கு, ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 112-320 மி.மீ. லென்ஸ் தரும் பார்வைக் கோணத்தைத் தருவதால், எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்றபடியே கால்பந்து வீரரின் முகத்தை நெருக்கமாகப் பிடிக்க முடிகிறது. கண்ணைப் பின்தொடரும் ஃபோகஸ், குறுக்கே வேறொருவர் ஓடினாலும் பெரும்பாலும் தடுமாறுவதில்லை.

மெக்கானிக்கல் ஷட்டரில் வினாடிக்கு 15 படங்களும் எலக்ட்ரானிக் ஷட்டரில் 30 படங்களும் எடுக்கலாம். விளம்பரத்தில் பின்னதே கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் சென்சாரை வரிவரியாகப் படிக்க இது அதிக நேரம் எடுத்துக்கொள்வதால், வேகமாகச் சுழலும் கிரிக்கெட் மட்டை வில்லாக வளைந்து பதிவாகிறது. ஆகவே சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு மெக்கானிக்கல் ஷட்டரையே நம்புவது நல்லது. பதப்படுத்தப்படாத ரா கோப்புகளாகத் தொடர்ந்து எடுத்தால் சில வினாடிகளிலேயே பஃபர் (படங்களைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) நிரம்பிவிடும் என்பதால், வேகமாக எழுதும் யுஎச்எஸ்-2 மெமரி கார்டு இங்கே ஆடம்பரமன்று.

லென்ஸில்தான் உண்மையான செலவு இருக்கிறது. 635 கிராம் எடையுள்ள ஆர்எஃப் 100-400 மி.மீ. லென்ஸ், பகல் வெளிச்சத்தில் விலைக்கு மீறிய கூர்மையைத் தருகிறது. ஆனால் 400 மி.மீ. முனையில் இதன் துவாரம் எஃப்/8-க்கு மேல் திறக்காததால் (எஃப் எண் கூடினால் உள்ளே வரும் ஒளி குறையும்), எஃப்/2.8-இல் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200 போதுமான உள்ளரங்கக் கபடிப் போட்டியில் இதற்கு 25600 தேவைப்படும், படமும் புள்ளிபுள்ளியாகிவிடும். கேனானின் பழைய எஸ்எல்ஆர் கேமராக்களுக்கான இஎஃப் 70-200 எஃப்/2.8 லென்ஸ் கைவசம் இருப்பவர்கள் அடாப்டர் வாங்கினாலே போதும்.